யானை வாங்கியாயிற்று, அங்குசம் எங்கே?

புதுவைப் பாதாளச் சாக்கடைப் பணத்துக்கு ஒரு மொத்த வணிகர் போட்ட கணக்கு



2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவைப் புதுவை வணிகர் எவரும் எளிதில் மறக்க மாட்டார். ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. மழை சற்று ஓய்ந்ததும் எங்கள் கிடங்குக்கு ஓடினோம். அது அப்பா காலத்துக் கட்டடம். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதில், கிடங்கின் தரை இன்று தெருவைவிட ஓரடி பள்ளத்தில் கிடக்கிறது. அதனால் வாசலில் செங்கல் வரப்புக் கட்டி, மணல் மூட்டையும் அடுக்கியிருந்தோம். வரப்பு அப்படியே நின்றது. ஆனால் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர்! பின்கட்டுக் கழிவறை வழியாகச் சாக்கடை மேலேறி வந்திருந்தது.

அடி வரிசை மூட்டைகள் அத்தனையும் போயின. துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை எல்லாம் சேர்த்து 43 மூட்டை. மழைநீர் பட்ட சரக்கென்றால் காய வைத்து மாட்டுத் தீவனத்துக்காவது தள்ளிவிடலாம். சாக்கடை பட்ட சரக்கை என்ன செய்வது? வண்டி வைத்து ஏற்றி, கூலி கொடுத்துக் கொட்டிவிட்டு வந்தோம். அன்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு விதை. "ஐயா, இந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை போட்டாயிற்று. கோடி கோடியாகச் செலவு என்றார்கள். பிறகு ஏன் சாக்கடை நம் கிடங்குக்கு வருகிறது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடி, தெரிந்தவர்களைக் கேட்டும் பழைய செய்திகளைப் புரட்டியும் நாங்கள் அறிந்துகொண்டதை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மந்தம் வந்தால் அரசு ஏன் குழி தோண்டுகிறது?

வியாபாரம் மந்தமானால் நாம் என்ன செய்வோம்? கொள்முதலைக் குறைப்போம், செலவைச் சுருக்குவோம். தனி வணிகருக்கு அதுதான் சரி. ஆனால் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுருக்கினால் எவன் கடைக்கு எவன் வருவான்? அப்போது அரசு பையைத் திறக்க வேண்டும் என்பது பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லும் வழி. இதற்குத்தான் ஊக்க நிதி என்று பெயர். சாலை, பாலம், குடிநீர்க் குழாய், சாக்கடை என்று வேலையைத் தொடங்கினால், மண் வெட்டுகிறவன் கையில் கூலி விழும். அந்தக் கூலி அன்று மாலையே அரிசியாகவும் பருப்பாகவும் எண்ணெயாகவும் மளிகைக் கடைக்கு வந்து சேரும். கடைக்காரர் மொத்த வணிகரின் பாக்கியைக் கட்டுவார். நாங்கள் மில்லுக்குப் பணம் அனுப்புவோம். இப்படிச் சுற்றி வரும்போது ஒரு ரூபாய் பல கைக்குச் சோறு போடும்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் மூழ்கியது. உலகமெங்கும் மந்தம் பரவியது. 2009 பிப்ரவரி 17ஆம் நாள் அமெரிக்க அரசு 78,700 கோடி டாலருக்கு ஓர் ஊக்கச் சட்டம் போட்டது. அதில் நகரங்களின் கழிவுநீர்ப் பணிகளுக்கென்று 400 கோடி டாலர், குடிநீருக்கு 200 கோடி டாலர். அந்தப் பணத்தில் குறைந்தது பாதியைத் திருப்பித் தர வேண்டாத உதவியாகவே கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஓராண்டுக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட வேண்டும். இல்லையேல் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். வரைபடமும் மதிப்பீடும் தயாராக வைத்திருந்த ஊருக்கே பணம்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் அதே வைத்தியம் நடந்தது. 2008 டிசம்பர் 7ஆம் நாள் மத்திய அரசு முதல் ஊக்கத் தொகுப்பை அறிவித்தது. உற்பத்தி வரியில் 4 விழுக்காடு குறைப்பு, கூடுதல் திட்டச் செலவாக ரூ.20,000 கோடி. அதன்பின் 2009 ஜூலையில் வந்த நிதிநிலை அறிக்கையில், ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்துக்கான ஒதுக்கீடு 87 விழுக்காடு உயர்த்தப்பட்டு ரூ.12,887 கோடி ஆக்கப்பட்டது. இந்தத் திட்டம் புதிதாகப் பிறந்ததன்று. 2005 டிசம்பரிலேயே தொடங்கியது. மந்தக் காலத்தில் பணத்தைப் பாய்ச்ச வாய்க்கால் ஏற்கெனவே வெட்டி வைக்கப்பட்டிருந்தது. மடையை மட்டும் அகலத் திறந்தார்கள். அந்த வாய்க்காலின் கிளை ஒன்று புதுவைக்கும் வந்தது.

புதுவைக்கு வந்த யானை

நம் ஊர் கடலோரத்துத் தட்டை மண். நகருக்குள் பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், அந்தப் பக்கம் உப்பனாறு. மழைநீர் கடலுக்குப் போக வேண்டிய பாதை இவை. காலப்போக்கில் வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் செப்டிக் டேங்க் வழிந்ததும் இவற்றிலேயே விழுந்தன. லாஸ்பேட்டையில் கழிவுநீர்ப் பண்ணை இருந்தாலும், பாதாளச் சாக்கடை நகரின் ஒரு பகுதிக்குத்தான் எட்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். பக்கத்து உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். ஆக ஐந்தரை லட்சம் பேர் நெருங்கி வாழும் இடத்துக்கு வாய்க்கால் மட்டும் போதுமா?

ஆகவே, நகரில் விடுபட்ட பகுதிகள் அனைத்துக்கும் பாதாளச் சாக்கடை என்று ஒரு முழுத் திட்டம் தயாராயிற்று. ஜவஹர்லால் நேரு திட்டத்தின் கீழ் இதற்கு ஒப்புதலான தொகை ரூ.203.40 கோடி. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களுக்கு மத்திய அரசு 80 விழுக்காடு தரும் என்பது விதி. எங்கள் கணக்குப்பிள்ளை உடனே பெருக்கிச் சொன்னார்: மத்திய பங்கு ரூ.162 கோடியே 72 லட்சம், நம் பங்கு ரூ.40 கோடியே 68 லட்சம். லாஸ்பேட்டை, கனகன் ஏரி, திப்புராயப்பேட்டை ஆகிய மூன்று இடங்களில் நாளொன்றுக்கு ஒரு கோடியே 70 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள். மூன்றும் சேர்ந்தால் 5 கோடியே 10 லட்சம் லிட்டர்.

இந்தப் புது நிலையங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு பொறியாளர் எங்களுக்கு விளக்கினார். பழைய முறையில் கழிவுநீரைப் பெரிய குட்டைகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் தானாகத் தெளிய விடுவார்கள். மிளகாயைக் களத்தில் பரப்பிக் காய வைப்பது போல. இடம் நிறைய வேண்டும், செலவு குறைவு. புதிய முறையில் தொட்டிக்குள் கழிவுநீரை நிரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்றில் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. பிறகு காற்றை நிறுத்தினால் கசடு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்து எடுப்பார்கள். பிறகு மீண்டும் நிரப்புவார்கள். மிளகாயை மிஷினில் போட்டு உலர்த்துவது போல. இடம் கொஞ்சம் போதும். ஆனால் மிஷின் ஓட மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும், உதிரி பாகம் வேண்டும். ஒருநாள் மிஷின் நின்றாலும் சரக்கு கெடும்.

இதோடு பணம் வருவது நிற்கவில்லை. 2015 ஜூனில் அம்ருத் திட்டம் வந்தது. அதில் யூனியன் பிரதேசங்களுக்கு முழுத் தொகையும் மத்திய அரசுடையது. 2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. 2021 அக்டோபரில் அம்ருத் இரண்டாம் கட்டம் தொடங்கியது. யானை வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள், ஐயா. குறை சொல்லக் கூடாது.

அங்குசத்துக்கு யார் பணம் தருவது?

யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. வணிகருக்கு இது புதிதா? கடை கட்ட வங்கி கடன் தரும். பெயர்ப் பலகைக்குக் கம்பெனிக்காரன் பணம் தருவான். ஃப்ரிட்ஜ் கூடக் கொடுப்பான். ஆனால் மாதாமாதம் கரண்ட் பில், ஆள் சம்பளம், வாடகை ஆகியவற்றை எவன் தருவான்? அதைக் கல்லாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலும் நடப்புச் செலவும் பேரேட்டில் வேறு வேறு பக்கம். இரண்டையும் குழப்பினவன் கடையை மூடிவிட்டுப் போனதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஊக்க நிதி என்பது எங்கும் முதலுக்கான பணம். குழாய் பதிக்கக் கிடைக்கும், நிலையம் கட்டக் கிடைக்கும். திறப்பு விழாவோடு அந்தப் பக்கம் முடிந்தது. அதன்பின் முப்பது வருடம் பம்ப் ஓடுவதற்கு மின்கட்டணம், அடைப்பு எடுக்கும் வண்டி, கசடு அகற்றும் கூலி, உடைந்த மூடியை மாற்றும் செலவு, இவை ஊரின் கல்லாவிலிருந்து வர வேண்டியவை. ஜவஹர்லால் நேரு திட்டத்தை வகுத்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பணம் வாங்கும் ஊர்கள் சில சீர்திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இயக்கும் செலவும் பராமரிப்புச் செலவும் முழுதாக ஈடாகும் அளவுக்கு உபயோகிப்போரிடம் கட்டணம் பெற வேண்டும். சொத்து வரி ஒழுங்காக வசூலாக வேண்டும். நகராட்சிக் கணக்கை நம் கடைக் கணக்கைப் போல இரட்டைப் பதிவு முறையில் எழுத வேண்டும். உள்ளாட்சிக்கு அதிகாரம் தர வேண்டும். இப்படிப் பல.

கட்டணம் என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். எங்களுக்கும் சுளித்தது. ஆனால் 43 மூட்டையைக் கொட்டிவிட்டு வந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒழுங்காக ஓடும் சாக்கடைக்கு எங்கள் கடை ஆயுள் முழுதும் கட்டியிருக்கக்கூடிய கட்டணத்தைவிட, ஓர் இரவில் போனது அதிகம்.

புதுவைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மாநிலங்களுக்கு நிதிக்குழு வழியாக வரிப் பங்கும், உள்ளாட்சிகளுக்கென மானியமும் வருகின்றன. யூனியன் பிரதேசமான நம்மை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஆக, பக்கத்து ஊர் கடலூருக்கு இருக்கும் ஊன்றுகோல் நமக்கு இல்லை. நாம் நம் கல்லாவை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள்.

தோண்டும் காலத்து நட்டம்

மண் வெட்டுகிறவன் கூலி மளிகைக் கடைக்கு வரும் என்று மேலே எழுதினோம். அது உண்மை. ஆனால் எந்தத் தெருவைத் தோண்டுகிறார்களோ அந்தத் தெருக் கடைக்கு வருவதில்லை! எங்கள் தெருவில் குழாய் பதித்தது ஒரு தீபாவளிக்கு முந்தைய மாதத்தில். பத்து நாள் என்றார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. லாரி உள்ளே வர வழியில்லை. அண்ணா சாலை முனையில் இறக்கி, பார வண்டியில் ஏற்றி, மறுபடி கிடங்கில் இறக்கினோம். ஒரு மூட்டைக்கு இரண்டு இறக்குகூலி. நாங்கள் மொத்த வணிகர்கள், எப்படியோ சமாளித்தோம். எதிர் வரிசையில் இருந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என்ன செய்வார்? குழியைத் தாண்டிக் கால் கிலோ கடலைமாவு வாங்க எந்தத் தாயும் வரமாட்டாள். தீபாவளிக்கென்று கடன் வாங்கிக் குவித்த நெய்யும் மைதாவும் அவரிடம் தங்கிவிட்டன. எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை அவர் அடைத்து முடித்தது மறு ஆண்டு ஆடியில். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எங்களுக்கும் மனமில்லை.

குழியை மூடினார்கள். அடுத்த மழையில் மூடின இடம் இறங்கியது. போட்டது யார், எப்போது முடியும், யாரிடம் சொல்வது என்று ஒரு பலகை கூட அங்கே இருந்ததில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். எவர் பெயரையும் சொல்லி என்ன ஆகப் போகிறது? முறை சரியில்லை என்பதுதான் சொல்ல வந்தது. பண்டிகை நாள்காட்டியைப் பார்த்துத் தோண்ட வேண்டும் என்பது பெரிய பொறியியல் இல்லையே! ஆடி தொடங்கிப் பொங்கல் வரை நமக்கு விளைச்சல் காலம். தை கழிந்து வெயில் காலத்தில் தோண்டினால் மழையும் தொல்லை செய்யாது, கடையும் பிழைக்கும்.

நம் பக்கத்துப் பிழை

அரசை மட்டும் குறை சொல்லி முடித்தால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அந்தப் பொறியாளர் எங்கள் பின்கட்டைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கூரையின் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது?" நாங்கள் தலையைக் குனிந்தோம். அது கழிவறைத் தொட்டியில் சேர்ந்து பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. எங்கள் வீடு மட்டுமா? தெருவில் பாதி வீடு அப்படித்தான். அது போதாதென்று, மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் கடப்பாரையை எடுத்து மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவது நம் வழக்கம். எங்கள் ஆட்களும் பல வருடம் அதைச் செய்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நாங்களும் சிரித்திருக்கிறோம்.

கழிவுநீருக்காகப் போட்ட குழாய் ஒரு தெருவின் குளியலறைத் தண்ணீரையும் கழிவறைத் தண்ணீரையும் தாங்கும் அளவில்தான் இருக்கும். புயல் மழையைத் தாங்காது. மூடியைத் திறந்தால் மழைநீரோடு மணலும் பிளாஸ்டிக் பையும் உள்ளே போகின்றன. குழாய் நிரம்புகிறது. நிரம்பினால் தண்ணீர் எங்கே தாழ்வோ அங்கே எழும்பும். எங்கள் கிடங்கு தாழ்வு. ஆக, கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைத்தது. வருடாவருடம் நாங்கள் தெருவுக்குக் கொடுத்ததைத் தெரு ஒரே இரவில் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு செய்தியையும் கனத்த மனத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் 11ஆம் நாள் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷ வாயுவால் இரண்டு பெண்களும் ஒரு பள்ளிச் சிறுமியும் உயிரிழந்தனர். தங்கள் வீட்டில், காலை நேரத்தில், கழிவறைக்குப் போனவர்கள்! சாக்கடை ஓடாமல் தேங்கினால் அதில் ஹைட்ரஜன் சல்ஃபைட் என்ற வாயு உண்டாகும். சிறிதளவில் அழுகின முட்டை நாற்றம். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதுதான் ஆபத்து. கழிவறைப் பீங்கானுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்க வேண்டும். அதோடு காற்றுப் போக்கிக் குழாய் கூரைக்கு மேலே நீள வேண்டும். பழைய கடைகளிலும் கிடங்குகளிலும் பல இடங்களில் இந்த இரண்டும் இருப்பதில்லை. வேலையாட்கள் போகும் பின்கட்டுக் கழிவறைதானே என்று நாம் பார்ப்பதில்லை.

கடைக்காரர்கள் உடனே செய்யக் கூடியவை சில உண்டு. நாங்கள் செய்துவிட்டுத்தான் சொல்கிறோம். மழைநீர்க் குழாயைப் பிரித்துத் தனியே விட்டோம். தெருவுக்குப் போகும் கழிவுக் குழாயில், வெளியே மட்டும் போக விட்டு உள்ளே வர விடாத ஒருவழி வால்வு போட்டோம். வளைகுழாயும் காற்றுப் போக்கியும் வைத்தோம். அடி மூட்டையைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத்துக்குப் பலகை அடித்தோம். இவை அத்தனைக்கும் ஆன செலவு, போன சரக்கில் சிறு பங்கு. ஓட்டல், பலகாரக் கடை வைத்திருப்போர் எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே குழாயில் விடாமல், பிசுக்குத் தங்கும் தொட்டி ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போது ஓடும் எண்ணெய், குழாயில் ஆறினதும் மெழுகாய் உறைந்து அடைக்கும்.

இன்னொன்று. அடைப்பு எடுக்க ஆளைக் குழிக்குள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சட்டம் கிடக்கட்டும், ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைப்பது வணிக தர்மமா?

ஆலந்தூர் காட்டிய வழி

வெளியூர்ப் பணத்தை மட்டும் நம்பாமல் ஒரு நகராட்சி சாதித்த கதையும் நம் அருகில் உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. ஆர்.எஸ். பாரதி அதன் தலைவர். 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவு செய்து, குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசி, வீட்டுக்கு ரூ.5,000, வணிக இடத்துக்கு ரூ.10,000 என்று முன்பணம் திரட்டினார்கள். அந்தக் காலத்து ஐந்தாயிரம் சிறு தொகை அன்று. மீதிக்குக் கடன் வாங்கினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தும் பொறுப்பைத் தனியாரிடம் விட்டார்கள். வேலை முடிந்த பிறகு மாதக் கட்டணமும் வைத்தார்கள்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் எது? முன்பணம் கட்டினவன் சும்மா இருக்க மாட்டான். குழாய் எங்கே வந்திருக்கிறது, மூடி ஏன் உயர்ந்து நிற்கிறது, என் இணைப்பு எப்போது என்று வந்து நிற்பான். இலவசமாக வந்ததற்கு ஊரில் எவனும் கணக்குக் கேட்பதில்லை. நம் புதுவையில் அதுதான் நடந்தது. தில்லிப் பணம் என்று நாம் ஒதுங்கிக்கொண்டோம். தெருவில் பெரிய குழாய் வந்த பிறகும் வீட்டு இணைப்பு வாங்காமல் செப்டிக் டேங்கை வாய்க்காலுக்குத் திறந்து விட்டவர்கள் நம்மிடையே இல்லையா? இணைப்பு இல்லாத குழாய், சரக்கு வராத கிடங்கு. வாடகை மட்டும் ஓடும்.

சுகாதாரம் தவறினால் வணிகம் என்ன ஆகும் என்பதற்கு சூரத் நகரம் சாட்சி. 1994 செப்டம்பரில் பிளேக் என்ற செய்தி பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். ஜவுளியும் வைரமும் செழித்த ஊரில் தறியும் பட்டறையும் நின்றன. மறு ஆண்டு எஸ்.ஆர். ராவ் ஆணையராக வந்து தெருத் தெருவாகச் சுத்தம் செய்து அந்த ஊரைத் தூக்கி நிறுத்தினார். நோய்க்குப் பிறகு விழித்தார்கள். நாம் நோய்க்கு முன்பே விழிக்கலாமே.

யாரிடம் கேட்பது?

எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் "மேரியில் போய்ச் சொல்" என்பார். பிரெஞ்சுக்காரர் 1880ஆம் ஆண்டிலேயே இங்கே நகராட்சிகளை அமைத்தனர். மேயர் இருந்தார், அவர் அமரும் மேரிக் கட்டடம் கடற்கரையில் இருந்தது. வாய்க்கால் நாறினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும். அந்தக் கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல்? 1968இல் ஒன்று நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் நகரமன்றம் இல்லாமலே காலம் ஓடியது. வார்டு உறுப்பினர் ஒருவர் இருந்தால், தீபாவளி நேரத்தில் தோண்டாதே என்று அவர் சட்டையைப் பிடித்தாவது கேட்கலாம். அதிகாரியிடம் மனுத்தான் கொடுக்க முடியும்.

நம் ஊரில் பாரதி பூங்கா நடுவே ஆயி மண்டபம் நிற்கிறது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவுச் சின்னம். தண்ணீர் கொண்டுவந்தவரை ஊர் மறக்கவில்லை. கெட்ட தண்ணீரை வெளியேற்றுகிறவருக்கு மண்டபம் யாரும் கட்டமாட்டார்கள். ஆனால் அந்த வேலை ஒருநாள் நின்றால் நல்ல தண்ணீரும் கெட்டுப் போகும்.

நம் கோரிக்கையும் நம் உறுதியும்

ஆகவே நம் சங்கத்தின் வாயிலாக அரசை நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: கடைத்தெருக்களில் குழாய்ப் பணிகளை மாசி முதல் ஆனி வரையில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடைக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு: வேலை நடக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரர் பெயர், தொகை, முடியும் நாள், புகார் சொல்ல வேண்டிய அலுவலகம் ஆகியவற்றைத் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். குழியை மூடிச் சாலை போட்ட பிறகே முழுப் பணம் தர வேண்டும்.

மூன்று: எந்தத் திட்டத்தில் எவ்வளவு வந்தது என்பதோடு, ஆண்டுதோறும் பம்ப் ஓட்டவும் பழுது பார்க்கவும் எவ்வளவு ஆயிற்று, கட்டணமாக எவ்வளவு வந்தது என்ற ஐந்தொகையையும் வெளியிட வேண்டும்.

நான்கு: மழைக்கு முன்பே, புரட்டாசி பிறக்கும் முன், வணிகப் பகுதிக் குழாய்களில் அடைப்பு எடுத்து முடிக்க வேண்டும்.

ஐந்து: உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்த வேண்டும்.

கேட்பதற்கு முன் நாம் கொடுக்க வேண்டியதும் உண்டு. மழைநீரைச் சாக்கடையில் விடமாட்டோம். மேன்ஹோல் மூடியில் கை வைக்கமாட்டோம். இணைப்பு இல்லாதவர்கள் வாங்குவோம். நியாயமான கட்டணத்தை, ரசீதோடும் கணக்கோடும் கேட்டால், முணுமுணுக்காமல் கட்டுவோம். கொடுக்கிறவனுக்குத்தான் கேட்கிற உரிமை. கடனுக்குச் சரக்கு வாங்குகிறவன் எடையைப் பற்றிப் பேச முடியாது என்பது நமக்குத் தெரியாததா?

அந்த எதிர்வரிசைக் கடைக்காரர் இப்போதும் அதே தெருவில் கடை வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி அண்ணே, அந்தப் பலகையில முடியும் நாள்னு போடுறப்ப, தீபாவளிக்கு முன்னாடின்னு போடச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதையும் முதல் கோரிக்கையோடு சேர்த்துக்கொள்ளுமாறு சங்க நிர்வாகிகளைப் பணிவுடன் வேண்டுகிறோம்.